ஐப்பசியில் பொரித்த குஞ்சுகள்

2006 ஆவணியில், பன்னிரண்டு நாட்களுக்குள் பதினோரு புறாக்குஞ்சுகளை அமீனா தன் கையாலேயே புதைத்தாள். முதல் நாள் ஒரு குஞ்சு கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டம் போட்டது. மறுநாள் மூன்று. தீனியைக் கொத்தப் போன அலகு தரையில் வேறெங்கோ குத்தியது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது, தப்பிய பெரிய புறாக்களையாவது தனியே வையுங்கள் என்று சொல்லிப் போனார். அந்த வருடப் பந்தயத்துக்கென்று வைகாசியிலேயே பொரித்த குஞ்சுகள் அவை. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அமீனாவுக்கு அப்போது வயது முப்பத்தாறு. விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் உள்ள தெருவில் வீடு. கீழே தையல் மிஷின், மொட்டை மாடியில் புறாக்கூடு. கணவர் நைனா முகம்மது ஒரு வத்தல் கமிஷன் கடையில் எடைபோடும் வேலை பார்த்தார். நான்கு வருடங்களுக்கு முன்னால் காலில் வளையம் போட்ட புறா ஒன்று வழிதவறி அவர்கள் மாடியில் வந்து விழுந்தது. அதன் இறக்கையில் அச்சிட்டிருந்த நம்பருக்கு அமீனா போன் போட்டாள். சிவகாசியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தவர் சீனிவாசகம். காலண்டர் அச்சகம் வைத்திருந்தார். பந்தயப் புறா வளர்ப்போர் சங்கத்துக்குச் செயலாளர். புறாவை அவள் தேற்றியிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதமே ஒரு ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்தார். சங்கத்தில் இருந்த எட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் பெண்.

பதினோராவது குஞ்சைப் புதைத்த அன்று அவள் சாப்பிடவில்லை. இரண்டு நாள் தையல் மிஷின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் நைனா சொன்னார்.

"மாசியோட கூட்டைப் பிரிச்சிருவோம், அமீனா. கோவத்துல சொல்லல. நீ இப்படி உக்காந்திருக்கிறத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

"பெரிய ஜோடி ரெண்டும் தப்பிருச்சுங்க. இன்னொரு ஈடு முட்டை வைக்கும்."

"வச்சு? எப்பப் பொரிக்கும், எப்பப் பறக்கும்? மாசியில பந்தயம்."

"பறக்கவிட்டுப் பாத்துட்டுப் பிரிப்போம். திரும்பி வரலேன்னா நானே பிரிச்சிருதேன்."

வேகத்தில் சொல்லிவிட்டாள். நைனா தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

தீபாவளிக்கு இரண்டு நாட்கள் முன்னால் முட்டை வந்தது. ஒரு ஜோடிக்கு இரண்டு வீதம் நான்கு. நோன்பு மாதத்தின் கடைசி வாரம் அது. சிவகாசிப் பக்கத்து ஊர். தீபாவளியன்று விடியும் முன்பே தெருவெல்லாம் வெடி. அடைகாக்கும் பேடுகள் ஒவ்வொரு சத்தத்துக்கும் துள்ளி எழுந்தன. எழுந்து போய்விட்டால் முட்டை குளிர்ந்துவிடும். துள்ளுகிற துள்ளலில் உடையவும் செய்யும். அமீனா கோணிச் சாக்குகளை நனைத்துக் கூட்டைச் சுற்றித் தொங்கவிட்டாள். தண்ணீர்கூடப் படாத நோன்பு வாயோடு பகல் முழுக்கக் கூட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவை எழும்போதெல்லாம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். நோன்பு திறக்கும் நேரத்தில் தொட்டுப் பார்த்தபோது நான்கு முட்டைகளும் சூடாக இருந்தன.

ஐப்பசி மூன்றாவது வாரத்தில் குஞ்சுகள் பொரித்தன. அன்றிலிருந்து ஆறு நாள் விடாமல் மழை. ஒரு குஞ்சு குளிரில் போயிற்று. மிஞ்சிய மூன்றுக்கும் எட்டாம் நாள் சங்கத்து வளையம் மாட்டினாள். 41, 42, 43. வேறு பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

தை பாதியில் பழக்கத் தொடங்கினாள். கூடையோடு பாசஞ்சர் ரயிலில் போய் முதலில் கள்ளிக்குடியில் விட்டாள், பிறகு திருமங்கலம், அப்புறம் திண்டுக்கல். ஒவ்வொரு முறையும் அவள் ரயிலில் திரும்பி வருவதற்குள் மூன்றும் கூட்டில் இருந்தன. மாசி முதல் வாரம் திருச்சி. அன்று வீடு வந்து மாடி ஏறியபோது 41-ம் 42-ம் மட்டும் நின்றன. 43 அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. வல்லூறு அடித்திருக்கும் என்றார்கள்.

பந்தயத்துக்கு முந்தின நாள், மார்ச் 3, சனிக்கிழமை சாயங்காலம், எட்டுப் பேரும் விருதுநகரில் சீனிவாசகம் காலண்டர் அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் கூடினார்கள். அறுபத்திரண்டு புறாக்கள். விழுப்புரத்தில் திறந்துவிட வேண்டும். நேர்க்கோட்டில் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு புறாவின் காலிலும் ஒரு ரப்பர் வளையம். அதன் உட்புறத்தில் யாருக்கும் தெரியாத நான்கு இலக்க எண். புறா கூட்டுக்குள் நுழைந்த பிறகு வளையத்தைக் கழற்றி, எண்ணைப் பார்த்துச் செயலாளருக்குப் போனில் சொல்ல வேண்டும். அந்த நேரம்தான் கணக்கு. புறா ஊருக்கு வந்து கூரைமேல் உட்கார்ந்திருந்தால் அதற்கு மதிப்பில்லை.

எட்டுப் பேரில் ஒருவரான ஆமத்தூர் ஊர்க்காவலன் அவளுடைய கூடையை எட்டிப் பார்த்தார். நான்கு வருடமாகப் பந்தயக் கோப்பை அவர் வீட்டில்தான் இருந்தது. 42-ஐக் கையில் வாங்கி இறக்கையை விரித்தார். பெரிய இறகுகளில் இரண்டு உதிர்ந்து, பல் விழுந்தது போல இடைவெளி தெரிந்தது.

"இறகே முளைச்சு முடியல. இதப் போயி விழுப்புரம் அனுப்புறீகளே. எங்க குஞ்சுக்கெல்லாம் பத்து மாசம்."

சீனிவாசகம் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, அவரு சொல்றதுல தப்பில்ல. நாலு மாசக் குஞ்சு. திருச்சிக்கு அங்கிட்டே விழுந்துரும். அடுத்த வருசம் பாத்துக்கிருவோமே."

"அடுத்த வருசம் கூடு இருக்காது, அண்ணாச்சி."

அவர் இரண்டுக்கும் வளையத்தை மாட்டினார். வேன் புறப்பட்டது. தன்னுடைய பிடிவாதத்துக்காக இரண்டு குஞ்சுகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டோமோ என்ற நினைப்பு அமீனாவை வீடு வரும்வரை விடவில்லை.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்குத் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பத்து மணிக்கே அவள் மாடிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமையாதலால் நைனாவும் வீட்டில் இருந்தார். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டு நிழலில் உட்கார்ந்து, அவளோடு வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. எதிர்க்காற்று. பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"ஊர்க்காவலனுக்கு ஒண்ணு வந்திருச்சு" என்றார் சீனிவாசகம். "கொஞ்ச நேரத்துல சாத்தூர்க்காரருக்கு ரெண்டு. உனக்கு?"

"இன்னும் இல்ல, அண்ணாச்சி."

பன்னிரண்டு மணி. பன்னிரண்டே கால். கமிஷன் கடைத் தகரக் கூரைகளுக்கு மேல் பருந்து ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அமீனா அதைப் பார்ப்பதும் வடக்கே பார்ப்பதுமாக இருந்தாள்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஒரு கரும்புள்ளி தெரிந்தது. புள்ளி பெரிதாகி, ரயில்வே லைனைத் தாண்டி, தெருவுக்கு மேலே வந்தது. 42. தாழ்ந்து ஒரு சுற்றுச் சுற்றி, கூட்டின் முன்பலகையைப் பார்த்து இறக்கையை மடக்கியது. அந்த நேரத்தில் கீழே தெருவில் சரவெடி வெடித்தது.

எதிர்வீட்டு வெள்ளைத்துரை குடும்பம் குலசாமி கோயிலுக்கு வேனில் கிளம்பிக்கொண்டிருந்தது. அவன் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஐயாயிரம் வாலாவைத் தெருவின் நீளத்துக்கு விரித்துப் பற்றவைத்திருந்தான். 42 நட்டுக்குத்தலாக மேலே பாய்ந்து, புகையைத் தாண்டிப் போய், பக்கத்து வத்தல் கிட்டங்கியின் தண்ணீர்த் தொட்டி உச்சியில் உட்கார்ந்தது. வாய் திறந்தபடி மூச்சு வாங்கியது. வாலில் பாதி இறகு இல்லை. வழியில் ஏதோ அடித்திருக்கிறது, தப்பி வந்திருக்கிறது.

வெடி ஓய்ந்தது. அமீனா தீனி டப்பாவைக் குலுக்கினாள். 42 திரும்பிப் பார்த்தது, அசையவில்லை. விசிலடித்துப் பார்த்தாள். அது இன்னும் ஓர் அடி பின்னால் நகர்ந்தது.

விஷயம் தெரிந்து வெள்ளைத்துரை மாடிக்கே ஓடிவந்துவிட்டான்.

"அக்கா, சத்தியமா தெரியாதுக்கா. நான் தொட்டியில ஏறிப் பிடிச்சுத் தாரேன்."

"ஏறாதப்பா! ஏறினா ஊரை விட்டே போயிரும்."

"கல்லு கில்லு விட்டு இங்கிட்டு விரட்டுவமா?"

"ஒண்ணும் வேண்டாம். ரெண்டு பேரும் கீழ போங்க. நிழல்கூடத் தெரியக் கூடாது."

நைனா போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வெள்ளைத்துரையைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். அமீனா கூட்டை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். கொதிக்கிற தளம். போன் ஒருமுறை அடித்தது. சத்தத்துக்குப் பயந்து துண்டித்தாள். பன்னிரண்டு முப்பத்தொன்று. முப்பத்தைந்து. முன்னூறு கிலோமீட்டர் பறந்து வந்த குஞ்சு அறுபதடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு வேட்டு வெடித்தால் அதுவும் போய்விடும். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கையைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் தலைக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு ஏதோ வந்தது. அண்ணாந்து பார்ப்பதற்குள் 41 சுற்றுகூடச் சுற்றாமல் நேரே பலகையில் இறங்கி, தடுமாறி, கூட்டுக்குள் நுழைந்துவிட்டது. அது வரும் என்ற நினைப்பே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. தண்ணீர்ச் சட்டியில் அதன் அலகு படும் சத்தம் கேட்டது. தொட்டி உச்சியில் 42 கழுத்தை நீட்டிப் பார்த்தது. இறக்கையை உதறியது. அடுத்த நொடி ஒரே சறுக்கலாக வந்து, கூடப்பிறந்ததின் பின்னாலேயே உள்ளே போய்விட்டது.

அமீனா கதவைச் சாத்தி இரண்டையும் பிடித்தாள். அவசரத்தில் ரப்பர் வளையம் இரண்டு முறை வழுக்கியது. எண்ணைத் தாளில் எழுதினாள். சீனிவாசகத்தின் போன் நம்பரை அழுத்தினாள். லைன் கிடைக்கவில்லை, வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதேதான். "என்னங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் நைனா மூன்று மூன்று படியாகத் தாவி வந்தார். நான்காவது தடவைதான் மணி அடித்தது.

"சொல்லு, தங்கச்சி."

இரண்டு எண்களையும் சொன்னாள். அந்தப் பக்கம் சீனிவாசகம் எழுதிக்கொண்டார்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான், அண்ணாச்சி."

கோப்பை இந்த முறையும் ஊர்க்காவலனுக்குத்தான் போயிற்று. வேகக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் அமீனாவின் குஞ்சுகளுக்கு ஐந்தாவது, ஆறாவது இடம். பொழுது சாய்வதற்குள் அறுபத்திரண்டில் பத்தொன்பதுதான் வீடு திரும்பியிருந்தன. அனுப்பின புறா அத்தனையும் திரும்பிய கூடு அவளுடையது ஒன்றுதான். அன்று சாயங்காலம் ஊர்க்காவலன் ஆமத்தூரிலிருந்து வண்டியில் வந்து, செருப்பை மாடிப்படியில் கழற்றிவிட்டு, 42-ஐக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிய்ந்த வாலைத் தடவினார். "அடுத்த ஐப்பசிக்கு இதுக அப்பன் ஆத்தாளோட முட்டை எனக்கொரு ஜோடி தருவீகளா?" என்று கேட்டார். தருகிறேன் என்றாள்.

நைனா கூட்டைப் பிரிப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

அடுத்த வருடம் இரண்டையும் சென்னைப் பந்தயத்துக்கு அனுப்பினாள். 41 சாயங்காலம் நாலே காலுக்கு வந்து சங்கத்திலேயே இரண்டாவதாக நின்றது. 42 வரவில்லை. அமீனா மூன்று நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் மாடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நைனா வேலைக்குப் போகாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெயில் படிக்கட்டுக்கு வரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். பிறகு அவர் எழுந்து, 41-க்குத் தண்ணீர் மாற்றி வைத்தார்.