சவிரிமுத்து அண்ணை ஊதச் சொன்ன குழல்

நான் பேசாமல் இருந்தது போதும். சங்கக்கடை அரிசி வரிசையில் நின்றபோது சவிரிமுத்து அண்ணை இறந்த செய்தி வந்தது. செத்தவீட்டுக்குப் போனேன். அங்கே எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய அதிபர் எழுந்து, “என்னிடம் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவருக்கு முட்டு வருத்தம் என்று கண்டு, அவரை அண்ணையிடம் அனுப்பியதே நான்தான்” என்று பேசினார். அந்த ஆசிரியர் நான். அண்ணையை அறிந்த நீங்கள் நடந்ததையும் அறிய வேண்டும்.

அண்ணை குருநகரார். பண்டத்தரிப்பில் எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி. டாக்டர் வராத நாட்களில் டாக்டரும் அவர்தான். எனக்கோ விடியற்காலையில் மூச்சு இழுக்கும். முதல் பாடத்துக்குப் போக முடியாது. பத்து மணிக்கு மார்பு தெளிந்துவிடும். அதிபர் எல்லோர் முன்னும் கேட்டார்: “விடிய மட்டும் முட்டு, பத்து மணிக்குப் பிரசங்கம். உது என்ன வருத்தம் காணும்?” கள்ள லீவு என்று கல்வி அதிகாரியின் கந்தோருக்குக் கடிதமும் எழுதிவைத்தார். அது போனால் என் வேலையும் போகும்.

நானாகவே அண்ணையிடம் ஓடினேன். அவர் ஒரு பிளாஸ்டிக் குழலைத் தந்தார். ஒரே வீச்சில் ஊதினால் அதில் ஒரு முள் நகர்ந்து எண்ணைக் காட்டும். மின்சாரம் தேவையில்லை, ஊருக்கே மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் அது பெரிய வசதி.

“விடியவும் பின்னேரமும் மும்மூன்று தரம் ஊதிக் கூடின எண்ணை எழுதுங்கோ, மாஸ்டர். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் முட்டுத்தான், இங்கிலீசிலை ஆஸ்மா.”

நான் காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டவன். குறைந்த எண்ணை எழுதக் கை வரவில்லை. மார்பு தெளியும்வரை காத்திருந்து ஊதி, இரண்டு கிழமைத் தாளைப் பதினான்கு நாளும் நல்ல எண்களால் நிரப்பிக் கொண்டுபோனேன். அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார்.

“உந்தத் தாளின்படி நீங்கள் மயிலிட்டிக் கடலிலை வள்ளம் வலிக்கலாம். மாஸ்டர், இதிலை நீங்கள் பெயிலானால்தான் நான் பாஸ்!”

மறுபடி இரண்டு கிழமை, இம்முறை உள்ளபடி எழுதினேன். காலை எண்ணுக்கும் மாலை எண்ணுக்கும் இடையே ஒரு கிணறே இருந்தது. மறுநாள் விடிய ஆறு மணிக்கு என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றி, அண்ணை அதிபர் வீட்டுக்கு மிதித்தார்.

அதிபர் தாளைப் பார்த்தார். “வேணுமெண்டு மெல்ல ஊதியிருப்பார்.”

நான் அங்கேயே மூன்று தரம் ஊதினேன். மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்.

“கள்ளமாய் ஊதினால் முள் ஒரே இடத்திலை நிக்கிறது கஷ்டம், சேர். நீங்களே கள்ளமாய் ஊதிப் பாருங்கோவன்” என்றார் அண்ணை.

அதிபர் மெய்யாகவே முயன்றார். முதலில் முள் அசையவில்லை. அடுத்தது பாதிவரை ஓடியது. மூன்றாவது அதற்கும் மேலே பாய்ந்தது. உள்ளே இருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது: “விடுங்கோப்பா, உங்களுக்குக் கள்ளமும் ஒழுங்காச் செய்யத் தெரியாது.”

கடிதம் அன்றே கிழிந்தது. மருந்து தொடங்கிய சில கிழமைகளில் முதல் பாடத்துக்கு நானே முதலில் வந்தேன்.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தச் சிரிப்பும், காலை எண்ணைத் திருத்தாமல் எழுதும் பழக்கமும். அதிபரை நான் மன்னிக்கவில்லை. அந்த உத்தேசமும் இல்லை. ஆனாலும் இதைப் பெயர் போடாமல்தான் உங்கள் எல்லோருக்கும் தபாலில் சேர்க்கிறேன். பெயர் போட்டால் எங்கள் சண்டையைத்தான் வாசிப்பீர்கள், அண்ணையை அல்ல. எழுதியவர் யாரென்று அதிபருக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் அந்தக் கடிதமும் வெளிவரும் என்பதால் அவர் வாய் திறக்கமாட்டார்.