டாக்டர் வைத்த புள்ளி

"டாக்டர் கோடு போட்டுக் காட்டாம, எது கட்டின்னு உன் கம்ப்யூட்டருக்கு எப்படிம்மா தெரியும்?"

ஸ்ரீரங்கத்தில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கும் டாக்டரம்மா முதல் நாளே என்னிடம் கேட்டது. சிரித்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆராய்ச்சி வரை வந்தாச்சு... இது முடியாதா?

கழுத்து ஸ்கேன் படத்தில் தைராய்டு கட்டியைச் சுற்றி கம்ப்யூட்டரே கோடு போட வேண்டும் – அதுதான் என் ஆராய்ச்சி. கற்றுக்கொடுக்க, டாக்டர் கோடு போட்ட படங்கள் குவியலாக வேண்டும். எந்த டாக்டருக்கு நேரம் இருக்கிறது? கொஞ்சம் படங்களுக்கு மட்டும் கோடு வாங்கினேன். அவர் சென்டரில் சேர்ந்திருந்த மற்ற பழைய படங்களைப் பார்த்து அதுவே கற்றுக்கொள்ளும்படி செய்தேன்.

கற்றுக்கொண்டது! சோதித்த பழைய படங்களில் எல்லாம் கச்சிதமான கோடு. திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு உடனே போன்.

"அப்போ அம்மாவுக்கு இனிமே துறையூர்லயே பாத்துடலாமா? திருச்சிக்கு பஸ் ஏற வேணாம்ல?"

அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி. ஊர்ப்பக்கம் துறையூரில் மிஷின் இருக்கிறது. படம் பார்த்துச் சொல்ல டாக்டர் இல்லை.

"பாத்துடலாம்ப்பா" என்றேன். கெத்தாக.

போன வாரம் நேரடிச் சோதனை. படுக்கையில் நோயாளி, திரையில் திராட்சை மாதிரி கட்டி. என் கம்ப்யூட்டர்... கோடே போடவில்லை. அடுத்தவருக்கும் இல்லை.

டாக்டரம்மா அளவெடுக்க, கட்டியின் இரண்டு முனையிலும் ப்ளஸ் குறி வைத்தார். அடுத்த நொடி, அழகாகக் கோடு வந்தது!

அப்போதுதான் புரிந்தது. அளவெடுத்த பிறகுதான் இங்கே படத்தை சேவ் செய்வார்கள். பழைய படம் அத்தனையிலும் அந்தக் குறி உண்டு. கட்டியை அது பார்க்கவே இல்லை; குறியைத்தான் பார்த்திருக்கிறது.

"நான் வெச்ச புள்ளியைச் சுத்திக் கோலம் போட்டிருக்கு, போ!" டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காவிரிப் பாலத்தில் பஸ் நகரவில்லை. அப்பா போன் செய்தார், எடுக்கவில்லை. ஆளே வேண்டாம் என்று நாம் மார்தட்டும் மிஷினுக்குள் எல்லாம் யாரோ ஒருவரின் கை ஒளிந்திருக்கும் போல. அந்தக் கை இல்லாத ஊருக்காகத்தானே இதைச் செய்தேன்?

நேற்று அம்மா மறுபடியும் பஸ் ஏறி வந்தார், ஸ்கேனுக்கு. அவருக்கு முன்னாலேயே போய், டாக்டரம்மாவிடம் கேட்டு, மிஷினில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்: 'குறி வைக்கும் முன் ஒரு படம் சேவ் பண்ணவும்.'

குறி இல்லாத முதல் படம், அம்மாவுடையது.