காதுவலிக்குப் போன இடத்தில்

என் பெரியத்தாவுக்குச் சூடு சுடாது என்பதில் ஒன்பது வயதில் எனக்கு அவ்வளவு பெருமை. பள்ளியில் மற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வந்த புதுக் காரைப் பற்றிப் பேசினால், நான் இதைச் சொல்லுவேன்.

பெரியத்தா என் அத்தாவின், அதாவது அப்பாவின், அண்ணன். வளைகுடா நாட்டில், குதைபியாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்குக் கீழேயே தையல் கடை வைத்திருந்தார். பெரியம்மா ராமநாதபுரம் பக்கம் ஊரில் இருந்ததால், அவருக்குச் சாப்பாடும் தூக்கமும் எங்கள் வீட்டில்தான். சர்க்கரை வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. மாத்திரையை மறக்க மாட்டார், டீயில் சீனி போட விடமாட்டார். அத்தோடு தன் கடமை முடிந்தது என்றிருந்தார். காலைப் பற்றி அவரும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. வலிக்காத இடத்தை யார் குனிந்து பார்ப்பார்கள்?

கடைத் தரையில் எப்போதும் குண்டூசி சிதறிக் கிடக்கும். ஒருநாள் அவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது குதிகாலில் ஓர் ஊசி தலைவரை இறங்கியிருப்பதைப் பார்த்தேன். பிடுங்கிக் கையில் கொடுத்தேன்.

“அட, இது எப்ப ஏறுச்சு?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மாக்கிட்ட சொல்லிறாத, என்னா?” என்றார். தலையாட்டினேன்.

அந்த ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தவரின் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பால்கனித் தரையே கொதித்ததால் நான் பாய்மேல் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியத்தா வெறுங்காலோடு தார்ச்சாலையில் வந்தார். அவசரமே இல்லை. கார்கள் போகட்டும் என்று நடுவில் நின்று, பிறகு நிதானமாகக் கடந்தார். நான் கைதட்டினேன். அவரும் மேலே பார்த்துக் கையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து எனக்குக் காதுவலி. அத்தா டூட்டிக்குப் போயிருந்தார், அம்மாவின் இடுப்பில் தம்பி. பெரியத்தாதான் கடையைப் பூட்டிவிட்டு என்னைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். டாக்டரைப் பார்க்கப் போவதென்றால் அவருக்கு ஷூவும் சாக்ஸும் போட்டாக வேண்டும்.

காய்ச்சல் பார்க்க வந்த சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். “பிள்ள அழாம இருக்கே, கெட்டிக்காரிதான்” என்றார். புகழ்ச்சி என்னை உசுப்பிவிட்டது. “எங்க பெரியத்தாவுக்கு ஊசி ஏறினாக்கூட வலிக்காது” என்று ஆரம்பித்தேன். குண்டூசியைச் சொன்னேன், தார்ச்சாலையைச் சொன்னேன். அம்மாவிடம்தானே சொல்லக்கூடாது.

சிஸ்டரின் கை அப்படியே நின்றது.

“அண்ணே, உங்களுக்கு சுகர் உண்டா?”

“இருக்கும்மா. மாத்திர போடுறேன்.”

“ஷூவக் கழத்துங்க.”

“புள்ளைக்குக் காது பாக்கத்தான் வந்தோம்.”

“காது எங்கயும் ஓடிப்போவாது. நீங்க கழத்துங்க.”

ஷூ வந்துவிட்டது, சாக்ஸ் வரவில்லை. பாதத்தோடு ஒட்டியிருந்தது. சிஸ்டர் தரையில் மண்டியிட்டு, மருந்து நீரை ஊற்றி ஊற்றி நனைத்துப் பிரித்தார். உள்ளே கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. பெரியத்தா தன் காலையே யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் சில நாள் விட்டிருந்தால் முழங்கால்வரை போயிருக்கும் என்று டாக்டர் அத்தாவிடம் சொன்னாராம். என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. நான் வாயாடியதால்தான் விரலை வெட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவர் வீடு திரும்பிய அன்று கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

“வா புள்ள இங்க” என்றார். “நீ மட்டும் வாயத் தொறக்கலேன்னா, இன்னைக்கி நான் கட்டக்காலோடதான் வந்திருப்பேன்.” அப்போதும் எனக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது.

கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் அந்த சிஸ்டர் அவருக்குப் பாடம் எடுத்தார். “சுகர்ல காலு மரத்துப்போச்சு, சுட்டாலும் குத்தினாலும் தெரியாது. தொழுகைக்கு அஞ்சு நேரம் கைகால் கழுவி ஒளு செய்யுதீங்க, காலு சுத்தமாத்தான் இருக்கும். ஆனா வெரலிடுக்குல ஈரத்த விடாதீங்க” என்றார். பெரியத்தா கடைக்கு வந்ததும் வெள்ளை மல்துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி ஓரம் அடித்தார். ஒவ்வொரு ஒளுவுக்குப் பிறகும் விரல் விரலாக ஒற்றி எடுப்பார். வீட்டுக்குள்ளும் செருப்பு. ஷூவைக் கவிழ்த்துத் தட்டாமல் கால் நுழைக்க மாட்டார். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்பார். பாதத்துக்குத் தைலம் உண்டு, விரலிடுக்குக்குக் கிடையாது. சிஸ்டருக்கு ஒரு சுடிதார் தைத்துக் கொடுத்தார். வேண்டாம் வேண்டாம் என்றவர் அடுத்த வாரம் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு வேறு ஏதோ நாட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அவர் பெயர் தெரியாது. இன்றும் தொழுதுவிட்டு அவருக்காக துஆ கேட்கும்போது ‘அந்த சிஸ்டர்’ என்றுதான் கேட்கிறேன்.

உள்ளங்காலை மட்டும் பெரியத்தாவால் குனிந்து பார்க்க முடியவில்லை. ஊரிலிருந்த பெரியம்மா அந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். தினமும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வீடியோ கால். போனைப் பிடிப்பது என் வேலை. “எடது காலக் காட்டு… வெளிச்சத்துல காட்டும்மா… அந்த இடுக்குல என்னா செவப்பு?” என்று கடல் தாண்டி விசாரணை நடக்கும். ஒரு பெரிய மனிதர் தினமும் போனுக்குக் காலைக் காட்டுவது எனக்குப் பெரிய கூத்தாக இருந்தது.

புண் முழுதாக ஆறிப்போன ஒரு நாள், இரண்டு பாதத்தையும் வழக்கம்போல் காட்டினோம். பெரியம்மா ஒவ்வொரு விரலாகப் பார்த்து முடித்தார். அப்புறம், “போதும், காலக் கீழ வைங்க. மொகத்தக் காட்டுங்க” என்றார்.

நான் போனைத் திருப்பப் போனேன். பெரியத்தா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, தொப்பியைச் சரிசெய்த பிறகுதான் தலையாட்டினார். புண்தான் ஆறிவிட்டதே, இன்னும் எங்கே வலிக்கிறது இவருக்கு என்று நான் அவர் காலையே மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தேன்.