படகில் ஏறாத அப்பா

இன்று காலை கிளினிக்குக்குப் புறப்பட்ட அண்ணன் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் பார்க்கின்சன் நோய். வெளியே ஓட்டோ காத்துக்கொண்டிருந்தது. "காலை எடுத்து வையுங்க அண்ணன், நேரம் போகுது!" என்று கத்தினேன். என் வாயிலிருந்து வந்தது அம்மாவின் குரல்.

எனக்கு அப்போது பத்து வயது. வாவிக்கு அக்கரையிலுள்ள மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போகப் படகுத்துறையில் நின்றோம். வாவியின் சேற்று வாடை. சனத்தின் கையிலெல்லாம் மல்லிகையும் கற்பூரமும். படகுப் பலகைக்கு முன்னால் அப்பாவின் கால்கள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டன. அவருக்கு நடுக்க வருத்தம், ஏதோ கைகால் நடுங்கும் நோய் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். விடிந்ததிலிருந்தே முகம் வாடிப் பேசாமல் இருந்தார்.

"வேணுமெண்டுதான் நிக்கிறாரு!" என்று அம்மா ஏச ஏச, அப்பாவின் கைகள் இன்னும் மோசமாக நடுங்கின. இரண்டு படகுகள் போய்விட்டன. புதுப் பாவாடையோடு நான் ஆத்திரத்தில் அழுதேன். கடைசியில் அம்மா களைத்துப்போய் மணலில் உட்கார்ந்தார். ஏச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் அப்பா தானாக நடந்து படகில் ஏறினார்.

"இதை முதலே செய்திரிக்கலாமே!" என்று அக்கரை வரைக்கும் அம்மா ஏசினார்.

அண்ணனுக்கு மருந்தின் வேகம் குறையும்போது மனமும் சோரும், காலும் இறுகும், பதற்றப்படுத்தினால் இன்னும் இறுகும் என்று டாக்டர் போன மாதமே எனக்குச் சொல்லியிருந்தார். தெரிந்தும் கத்துகிறேன்.

ஓட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு அண்ணனின் பக்கத்தில் பேசாமல் நின்றேன்.

அவர் என்னைப் பயத்தோடு பார்த்தார். "என்னகா தங்கச்சி, ஏசாம நிக்கிறாய்? உனக்கும் சுகமில்லையா?"