நிலவேம்புத் தூள்

என் மகள் ஏழாம் மாதத்தில் தாய்ப்பாலை மறந்தது என்மேல் ஒட்டியிருந்த கசப்பாலா, பகலெல்லாம் நான் வீட்டில் இல்லாததாலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, எந்தப் பிரிவு வேண்டும் என்று பேராசிரியர் கேட்டார். மருந்து வேதியியல் அறையில் ஈதர் நெடி. எலிகளில் மருந்தைச் சோதிக்கும் பிரிவில் கூண்டுகளைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டேன். மாத்திரை செய்முறையில் இடமில்லை. இலைதானே, பால் குடிக்கும் குழந்தையை ஒன்றும் செய்யாது என்று மூலிகை ஆராய்ச்சியை எடுத்தேன்.

எனக்குக் கொடுத்தது நிலவேம்பு. திருநீர்மலைப் பக்கம் பறித்து வந்த செடிகளை உலர்த்தி, இடித்து, சலிக்க வேண்டும். தூள் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் கையில் பிசைந்த சோறு கசக்கும்.

குரோம்பேட்டையில் ரயில் இறங்கி அஸ்தினாபுரம் வீட்டுக்கு ஓடுவேன். ஒரு நாள் மாலை, பால் குடிக்க வாய் வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வீறிட்டாள். மறுநாளும் அப்படியே. மாமியார் சமையலறையிலிருந்து வந்தார்.

"பால் மறக்கடிக்க வேப்பிலை பூசிக்கிட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் எதுவும் பூசல அத்தை."

"அப்போ குழந்தை பொய் சொல்லுதா?"

அதன்பின் குளித்து, புடவை மாற்றிவிட்டுத்தான் எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "லீவு போட்டுப் பாரும்மா," என்றார் பேராசிரியர். வீட்டிலேயே இருந்தும் அவள் திரும்பவில்லை. பால் வற்றிவிட்டது. பகலில் பழகியிருந்த புட்டிப்பாலே முழு ஆகாரமானது. வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு குளுக்கோஸ் ஏற்றியபோது, ஆராய்ச்சி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பள்ளிக்குப் போகிறாள் இப்போது. உடம்பு தேறவே இல்லை. அவளுக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் என் கணவர் ஒன்றும் சொல்வதில்லை. ஏதாவது சொன்னால் தேவலை.

இப்போது மடியில் மூன்று மாத மகன். பேராசிரியர் மறுபடி சொல்லி அனுப்பியிருக்கிறார். இடம் இருக்கிறதாம், மூலிகைப் பிரிவில்தான். இப்போது மறுத்தால் இனிமேல் கூப்பிட மாட்டார். கணவர், "உன் இஷ்டம்," என்கிறார். மாமியாரோ, "போயேன், யாரு வேணாங்கறா? அந்தப் பொடிய மட்டும் வீட்டுக்குக் கொண்டு வராதே," என்கிறார்.

அங்கேயே குளித்துவிட்டு வந்தால் கசப்பு போய்விடுமா? காரணம் நான் இல்லாததுதான் என்றால், குளித்து என்ன பயன்? கைக்குழந்தையோடு இப்படிப்பட்ட வேலைக்குப் போனவர்கள் உங்களில் இருந்தால், நான் போகலாமா வேண்டாமா என்று தயவுசெய்து சொல்லுங்கள்.