தைலம் மணத்த ஊற்று

பேச்சியம்மா தண்ணீரை மோந்து பார்க்காமல் குடித்ததை யாரும் பார்த்ததில்லை. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் முன் ஒரு கணம் மூக்குக்குக் கீழே நிறுத்துவாள். கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அப்படித்தான். கல்லுக்குழி லைனுக்கு அவள் குடிவந்த புதிதில், "ஏனக்கா, விஷம் கிஷம் கலந்திருப்பம்னு பயமா?" என்று அங்கே குடியிருந்த சாந்தாமணி டீக்கடையில் வைத்தே கேட்டுவிட்டாள். பேச்சியம்மா சிரித்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பழக்கத்தைக் கேலி செய்வதும் லைனுக்குச் சலித்துப்போனது.

அது கட்டபெட்டுப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் வந்த பழக்கம். பதினைந்து வயதில் அங்கே கூட்டிப் பெருக்கப் போனவள் அவள். அரைத்த கொழுந்தைப் பரப்பி வைத்திருக்கும் அறையில் அவளுக்கு வேலை. பச்சை வாசனை போய், பழ வாசனை வந்து, அதுவும் போவதற்குள் கொழுந்தை அள்ளி அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். டீமேக்கர் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துத்தான் சொல்வார். ஒருநாள் அவருக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல், விளக்குமாற்றோடு நின்றவளைக் கூப்பிட்டார்.

"பேச்சி, இதைக் கொஞ்சம் பாரு. ஆச்சா?"

"இல்லீங்க. இன்னும் பத்து நிமிசம் கெடக்கோணுங்க."

பத்து நிமிஷம் கழித்து அள்ளினார்கள். அந்த டீ நன்றாக வந்தது. அதற்குப் பிறகு அவர் அடிக்கடி அவளைக் கூப்பிட்டுக் கேட்பார். அவள் மூக்கு பெரிய ஆளாகிவிட்டாலும் அவள் கூட்டுகிற வேலையிலேயே இருந்தாள். பத்தொன்பது வருஷம் கழித்து ஃபேக்டரியை மூடியபோது லைன் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். புருஷன் முனியசாமியும் ஆறு வயது மகள் மகாலட்சுமியுமாகக் குன்னூருக்கு வந்தாள். முனியசாமி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அவள் ஒரு லாட்ஜில் அறை துடைக்கப் போனாள். முனியசாமி மார்புச் சளியில் போய்ச் சேர்ந்த பிறகும் அதே லாட்ஜ், அதே வேலை.

கல்லுக்குழி லைனுக்கு ரோட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படி ஏற வேண்டும். ஒன்றன் தலையில் ஒன்று உட்கார்ந்ததுபோல மூன்று வரிசை. மேல் லைன், நடு லைன், கீழ் லைன். தகரக் கூரை, ஒரு அறை, ஒரு சமையல் மூலை. ஐப்பசியில் துவைத்த துணி கார்த்திகையிலும் ஈரமாக இருக்கும். ஒரு வீட்டில் இருமினால் மூன்று வீட்டில் தூக்கம் கலையும். முனிசிபாலிட்டிக் குழாய் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அதில் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும்.

நடுவில் உள்ள நாளுக்கெல்லாம் ஊற்றுதான். நடு லைனுக்குக் கீழே ஒரு பாறை இடுக்கிலிருந்து கை மணிக்கட்டுப் பருமனுக்குத் தண்ணீர் விழும். பக்கத்தில் கன்னிமார் கல், மஞ்சள் பூசி இருக்கும். "குழாய்த் தண்ணி கவர்மெண்டுது. இது மலைத் தண்ணி. ஐஸ் மாதிரி இருக்கு, பூச்சி எங்கிருந்து பொழைக்கும்?" என்பார்கள். குளிர்ந்த தண்ணீரில் கிருமி இருக்காது என்பது அந்த லைனில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி மழையில், கீழ் லைனில் நான்கு பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. நர்ஸம்மா படியேறி வந்து வீடு வீடாகச் சொன்னார்: "தண்ணியைக் கொதிக்கவெச்சுத்தான் குடிக்கோணும். மாசமா இருக்கிறவங்களுக்கு இந்தக் காமாலை வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்து." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். விறகு நனைந்து கிடந்தது. சிலிண்டர் சோற்றுக்கே பத்தவில்லை. நர்ஸம்மா படி இறங்கியதும் அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனார்கள்.

பேச்சியம்மா மட்டும் கொதிக்க வைத்தாள். மகாலட்சுமி அப்போது ஆறு மாசம். பிரசவத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று பிக்கட்டியிலிருந்து அம்மா வீட்டுக்கு முன்கூட்டியே வந்திருந்தாள்.

அந்த வாரம் ஒரு விடியற்காலையில் ஊற்றில் குடத்தைப் பிடித்துவிட்டு, வழக்கம்போல ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோன பேச்சியம்மா அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீரில் தைலம் மணத்தது. யூகலிப்டஸ் தைலம். லேசாகத்தான், ஆனால் சந்தேகமே இல்லை.

அவள் நிமிர்ந்து மேல் லைனைப் பார்த்தாள். அங்கே தைலம் வைத்திருப்பவர் ஒருவர்தான். தனசிங். டூரிஸ்ட்டுகளுக்குத் தைலம் விற்கிறவர். ஃபேக்டரி மூடியபோது அவளுக்கு இந்த லைனில் வீடு பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். அன்று சாயங்காலம் லாட்ஜிலிருந்து வந்ததும் நேரே அவர் வீட்டுக்கு ஏறினாள்.

"அண்ணே, கேன் எதாச்சும் கொட்டிருச்சுங்களா?"

தனசிங் உள்ளே மனைவி இருந்த பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். "உனக்கு யாரு சொன்னா? கெஸியாவுக்கே தெரியாதே! சொன்னா என்னையத் தோலை உரிச்சிருவா."

"எங்க ஊத்துனீங்க?"

"கூரை ஒழுகி, மழைத்தண்ணி எறங்கி அத்தனையும் கெட்டுப்போச்சு. எங்க ஊத்த? கக்கூஸ்லதான் ஊத்தி, பத்து பக்கெட் தண்ணி அடிச்சேன். மூணு நாளாச்சு. ஏன்?"

"உங்க ஊட்டுத் தைலம் இப்ப எங்க ஊட்டுக் கொடத்துல இருக்குதுங்கண்ணா."

தனசிங்குக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அதற்கு ஆறு வருஷத்துக்கு முன் மேல் லைனில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டினார்கள். பாறையில் ஆழமாகத் தோண்ட முடியாமல், கிடைத்த ஆழத்துக்குக் குழி போட்டு மூடியிருந்தார்கள். தைலம் வந்த வழியில் வேறு என்னென்ன வரும் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பேச்சி, நீ என் தங்கச்சி மாதிரி. வெளியில சொல்லிறாத. சொன்னா நாளைக்கே வந்து கக்கூஸைக் கல்லை வெச்சு அடைச்சிருவாங்க. கெஸியா காலைப் பாத்தியில்ல? சக்கரைப் புண்ணு. ரோட்டுக் கக்கூஸுக்கு நூத்துப் பன்னெண்டு படி அவ எப்படி எறங்குவா? ரெண்டு வாரம் குடு. நான் சிமெண்ட் போட்டு எதாவது பண்ணிடுறேன்."

பேச்சியம்மா கெஸியாவின் காலைப் பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிடுவதே அவள்தான். சரி என்றாள். பேர் சொல்ல மாட்டேன், ஆனால் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று சொல்வேன் என்றாள். அப்படியே சொல்லவும் செய்தாள். ஊற்றுத் தண்ணீரில் அசுத்தம் கலக்கிறது, கொதிக்க வையுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

ஆனால் அதற்குள் வாசனை மற்றவர்கள் மூக்குக்கும் எட்டியிருந்தது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த காரணமே வேறு.

"மேல காட்டுல இருக்கிற தைலமரத்து வேரு ஊத்துக்கண்ணைத் தொட்டிருச்சுடி!" என்றாள் சாந்தாமணி. "கன்னிமார் குடுத்த மருந்து. நேத்து ரெண்டு டம்ளர் குடிச்சேன், ஒரு வாரத்துச் சளி அத்துக்கிட்டுப் போச்சு."

இரண்டு நாளில் பக்கத்து லைன்களிலிருந்து கேனோடு வந்தார்கள். கைக்குழந்தைகளுக்குச் சங்கில் ஊற்றினார்கள். கன்னிமார் கல்லுக்குப் புது மஞ்சளும் ஒரு முழம் பூவும் வந்தன. பேச்சியம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "அக்கா, இவ்வளவு வருசமா எல்லாத்தையும் மோந்து பாத்தீங்க, கடவுளே வாசனையோட குடுத்தா வேண்டாங்கறீங்களே" என்று சிரித்தார்கள். எங்கிருந்து அசுத்தம் வருகிறது என்று கேட்டார்கள். அவள் தனசிங்கின் பேரை விழுங்கிக்கொண்டு, கொதிக்க வையுங்கள் என்றே திரும்பச் சொன்னாள்.

நான்காம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடம் மகாலட்சுமி சந்தோஷமாகச் சொன்னாள்: "அம்மா, மூக்கடைப்பு விட்டுருச்சும்மா! சாந்தாமணியக்கா ஒரு சொம்பு தைலத்தண்ணி குடுத்தாங்க. நேத்தும் குடிச்சேன்."

பேச்சியம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். மகளைத் திட்டவில்லை. விளக்கடிக்குக் கூட்டிப்போய் கீழிமையை இழுத்து அவள் கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் லாட்ஜுக்குப் போகவில்லை. விடிந்ததும் ஊற்று முன்னால் போய், தண்ணீர் விழும் இடத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். அதுவரை பதினைந்து வருஷத்தில் அவள் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"யாரும் பிடிக்க வேண்டாங்க. இது மருந்து இல்லை. கக்கூஸ் தண்ணி."

"யாரு கக்கூஸ்?" என்றாள் சாந்தாமணி.

பேச்சியம்மா பாறையோடு இன்னும் நெருங்கி நின்றாள்.

"பாத்தீங்களா! சும்மா வாயில வந்ததைச் சொல்றது. கன்னிமார் எடத்துல நின்னுக்கிட்டு பேசற பேச்சா இது? நவுருங்க்கா."

"நவுர மாட்டனுங்க."

"லாட்ஜுக்கு வர்றவங்களுக்குக் கேன்ல விக்கலாம்னு பாக்குது போல," என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். ஒருத்தி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். குடம் ஒன்று அவள் இடுப்பில் இடித்தது. அவள் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாயிலிருந்து பேர் மட்டும் வரவில்லை.

இதையெல்லாம் மேல் லைன் வாசலில் நின்று தனசிங் பார்த்துக்கொண்டிருந்தார். கெஸியாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். "என்ன சண்டை? பேச்சியை எதுக்கு இடிக்கிறாங்க?" என்று கேட்டாள். தனசிங் தரையைப் பார்த்தார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு அது போதும். தோண்டித் துருவிக் கேட்டாள். அவர் சொல்லி முடித்ததும், "என் காலுக்காகவா அவளை அங்க நிக்க வெச்சீரு? போம். போய்ச் சொல்லும்," என்றாள்.

தனசிங் படி இறங்கி வந்தார். கூட்டம் வழி விட்டது.

"அது மரத்துத் தைலம் இல்லை. என் வீட்டுக் கக்கூஸ்ல நான் கொட்டுன தைலம். பேச்சிக்கு அஞ்சு நாளா தெரியும். நான்தான் பேர் சொல்லாதன்னு கெஞ்சுனேன்."

சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஓடினாள். திரும்பி வந்தவள் கண்ணெல்லாம் கலங்க, "ஏனுங்க தனசிங்கண்ணா, நான் ரெண்டு கேன் எங்கம்மா ஊட்டுக்கு வேற குடுத்துவுட்டனே!" என்றாள். கோபப்பட வந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். குடங்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன.

அடுத்த வாரம் தண்ணீரும் கழிவுத் தொட்டியும் கேட்டு இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்ட மனுவோடு முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனார்கள். பேசியது சாந்தாமணி. தனசிங்கின் கக்கூஸை அன்றைக்கே மூடிவிட்டார்கள். கெஸியாவுக்காகப் பேச்சியம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை வெட்டி, அடியில் மூடி போட்ட பக்கெட் வைத்துக் கொடுத்தாள். அந்தப் பக்கெட்டைக் காலையில் வேலைக்குப் போகும்போது அவளே ரோட்டுக் கக்கூஸுக்கு எடுத்துப் போனாள். சாயங்காலம் தனசிங். "நான் செத்துப்போறேன் பேச்சி, நீ போய் இதைத் தூக்குறதா," என்று கெஸியா முதல் நாள் அழுதாள். "லாட்ஜுல தெனமும் பன்னெண்டு ரூம் கழுவறனுங்க மதினி. இது ஒண்ணு," என்றாள் பேச்சியம்மா.

நர்ஸம்மா ஒன்றரை மாசம் வரைக்கும் மகாலட்சுமியைக் கவனிக்கச் சொல்லியிருந்தார். அந்த ஒன்றரை மாசமும் பேச்சியம்மா தினம் விடிந்ததும் அவளை வாசலுக்குக் கூட்டிவந்து வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தாள். பனி மூடிய நாட்களில் பனி விலகும்வரை காத்திருந்து பார்த்துவிட்டு, லாட்ஜில் திட்டு வாங்கினாள். அந்த மாதங்களில் கீழ் லைனில் இன்னும் இரண்டு பேருக்குக் காமாலை வந்து, பிறகு தேறினார்கள். மகாலட்சுமிக்கு வரவில்லை. தை மாசம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது.

கெஸியாவின் பக்கெட்டை ஏழு மாசம் தூக்கினார்கள். அதற்குப் பிறகுதான் ரோட்டோரத்தில் சிமெண்ட் தொட்டி கட்டினார்கள். குழாய் பதிக்கக் கீழ் லைன் ஆட்களும் சேர்ந்து பள்ளம் வெட்டினார்கள்.

இன்றைக்கு மேல் லைனில் உள்ள பதினோரு வீட்டில் எட்டு வீட்டுக் கழிவு அந்தத் தொட்டிக்குப் போகிறது. மூன்று வீட்டுக் குழி பழையபடியே இருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிறது. ஊற்றுத் தண்ணீரில் துணி துவைக்கிறார்கள், யாரும் குடிப்பதில்லை. போன மழைக்குக் காமாலை வந்தது ஒருவருக்குத்தான். பேச்சியம்மா இன்னும் அந்த லாட்ஜில்தான் அறை துடைக்கிறாள்.