முன்னால் போன நோஞ்சான் கப்பல்

1. மூன்று

விடிந்ததும் எண்ணினேன். மூன்று இருந்தது. பைனாகுலரைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். அப்போதும் மூன்றுதான். நான்கு இருக்க வேண்டும்.

நாலு வரை எண்ணுவதற்கு அரசாங்கம் எனக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்திருந்தது. அதனால் தவறு எண்ணிக்கையில் இல்லை என்று நம்பினேன்.

எழுபத்தொன்றாம் வருஷப் போர் நேரம். வங்கக் கடலில் எதிரியின் நீர்மூழ்கி திரிகிறது என்று பேச்சு. மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேருக்கு அரிசி, மண்ணெண்ணெய், சிமெண்ட் ஏற்றிக்கொண்டு நாலு சரக்குக் கப்பல்கள் புறப்பட்டிருந்தன. அவற்றுக்குக் காவலாக முன்னால் எங்கள் போர்க்கப்பல். இப்படிக் கூட்டிக்கொண்டு போவதற்குக் கடற்படையில் கான்வாய் என்று பெயர். இரவில் ஒரு கப்பலிலும் விளக்கு எரியக்கூடாது. ரேடியோவில் பேசக்கூடாது. ராடாரைப் போட்டால் நாம் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரியும் என்பதால் அதுவும் கூடாது. விடிந்த பிறகுதான் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதே தெரியும்.

இல்லாமல் போனது வரிசையின் கடைசிக் கப்பல். நாலிலும் கிழடு. அதில் முப்பத்தெட்டுப் பேர்.

அதைக் கடைசியில் வைத்தவன் நான்.

2. ரேங்க் லிஸ்ட்

எங்கள் கப்பலில் வழி போடும் அதிகாரிக்குப் புறப்படும் வாரம் பார்த்து மஞ்சள் காமாலை. கேப்டன் பஞ்சாபிக்காரர், பேசுவதெல்லாம் இங்கிலீஷ். நான் தமிழிலேயே தருகிறேன். என்னைக் கூப்பிட்டு, "நாலு கப்பலையும் எந்த வரிசையில வைக்கிறதுன்னு ஒரு பேப்பர்ல போட்டுக் கொண்டா" என்றார். அப்போது நான் சப்-லெப்டினன்ட், வயது இருபத்தைந்து. கையில் சிவப்பு, நீலப் பென்சில்கள் இருந்தன. வேறென்ன வேண்டும்?

வேகமான கப்பல் முதலில், அதற்கடுத்தது இரண்டாவது, இப்படியே வந்து கிழட்டுக் கப்பல் கடைசியில். கடலூர் கல்லூரியில் மார்க் லிஸ்டைப் பலகையில் ஒட்டுகிற மாதிரி. அந்தப் பலகையில் நான் கடைசிப் பக்கமாக நின்றே பழகியவன். ஒரு தடவையாவது லிஸ்ட் போடுகிற இடத்தில் இருக்கக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு ஷெட்டில் கப்பல்காரர்களை உட்காரவைத்து வரிசையை விளக்கினேன். கிழட்டுக் கப்பலின் கேப்டனுக்குக் காது மந்தம். அதனால் தன் சாரங்கைக் கூடவே அழைத்து வந்திருந்தார். சாரங்கு என்றால் மேல்தட்டு ஆட்களுக்கெல்லாம் தலைவன். பெயர் காதர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருக்கலாம். பேப்பரைத் தலைகீழாகப் பார்த்தார், நேராகப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார்.

"இது எந்த ஊரு வரிசை சார்?"

"நேவி வரிசை."

"அப்ப சரி. உங்களுக்கு எந்த ஊரு சார்?"

"மெட்ராஸ்."

பொய். என் ஊர் கள்ளக்குறிச்சி பக்கம் கச்சிராயபாளையம். கல்வராயன் மலை அடிவாரம். கடலை நான் முதலில் பார்த்ததே பதினெட்டு வயதில்தான். பக்கத்துக் கோமுகி அணையைக் கட்டியதும் நான் ஊரை விட்ட பிறகுதான். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் ஆற்றில் ஆண்டில் பாதி நாள் முழங்கால் நனையாது. கடற்படையில் எவனாவது ஊரைக் கேட்டால் கள்ளக்குறிச்சியை எழுத்துக்கூட்டிச் சொல்லி, அது எங்கே இருக்கிறது என்று சொல்லி, பக்கத்தில் கடல் இல்லை என்பதையும் சொல்லி முடிப்பதற்குள் அவன் டீ குடித்துவிட்டுப் போயிருப்பான். அதனால் மெட்ராஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். தமிழில் கேட்ட ஒருவரிடமும் அதையே சொல்ல எந்த அவசியமும் இல்லை. வெள்ளை யூனிபாரம் புதிதாக இஸ்திரி போட்டிருந்தது, அவ்வளவுதான்.

காதர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "மெட்ராஸ்காரங்களா? அப்ப சொல்லிப் பிரயோஜனம் இல்ல" என்றார்.

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"உங்க கப்பல்ல புகை ஜாஸ்தியாம். புகை வரக்கூடாது. எதிரிக்குத் தெரிஞ்சிரும்."

"அது கப்பலு இல்ல சார், நெல்லு அவிக்கிற அண்டா. பொகை வர்லன்னா நாங்க செத்துட்டோம்னு அர்த்தம்."

ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதிகாரி சிரிக்கக்கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

3. ஒரு மணி நேரம்

மூன்றுதான் இருக்கிறது என்று கேப்டனிடம் சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்தார்.

"கடைசியா எப்ப பார்த்தே?"

"நேத்து பொழுது சாயும்போது சார். அப்பவே கொஞ்சம் பின்தங்கித்தான் வந்தது."

"முன்னால போறவங்களுக்குப் பின்னால வர்றவன் நின்னுட்டது எப்படித் தெரியும்?"

தெரியாது. அதுதான் விஷயம்.

"மூணு கப்பலுக்கு நான் காவல். ஒண்ணைத் தேடிப் போனா மூணும் அனாதை." மேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் பின்னால போவேன். அதுக்குள்ள தெரியலைன்னா திரும்பிருவேன். அப்புறம் அந்த முப்பத்தெட்டுப் பேர் அவங்க பாடு. புரியுதா?"

புரிந்தது. வேகத்தைக் குறைத்துக் காத்திருக்கும்படி மூன்று கப்பல்களுக்கும் விளக்கால் செய்தி சொல்லிவிட்டு, முழு வேகத்தில் வந்த வழியே திரும்பினோம். என்னை பிரிட்ஜின், அதாவது கப்பலை நடத்தும் மேல்தளத்தின், ஓரத்தில் பைனாகுலரோடு நிறுத்தினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தேன். எங்கள் ஊரில் வெல்லம் காய்ச்சும் பருவத்தில் இருபது மாட்டு வண்டிகள் சேர்ந்து சின்னசேலம் ரயிலடிக்கு மூட்டை கொண்டுபோகும். வழிப்பறிக்குப் பயந்துதான் சேர்ந்து போவார்கள். அந்த வரிசையில் முதல் வண்டி எப்போதும் எங்கள் வண்டி. மூட்டை மேல் உட்கார்ந்து போவேன். பின்னால் பத்தொன்பது வண்டிகள். என் அப்பா பெரிய ஆள், அதனால்தான் முதலில் போகிறார் என்று பத்து வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எதிர்வீட்டுப் பையன் சண்டையில் போட்டு உடைத்தான்: "உங்க மாடுதான்டா இருக்கறதிலியே நோஞ்சான். அத்த பின்னாடி வுட்டா வழில நின்னுடும், யாருக்கும் தெரியாது. அதான் முன்னாடி வுடறாங்க."

அன்றிலிருந்து முதல் வண்டி என்றாலே எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் காரணத்தையும் சேர்த்து மறந்துவிட்டேன். மறந்துவிட்டுப் போய், நேவி வரிசை என்று ஒன்றைப் போட்டிருக்கிறேன். காதர் சொல்ல வந்தது அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் யாரும் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டியவன் அந்தக் கப்பலில் நான் ஒருவன்தான்.

ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அடிவானத்தில் நீலமாக ஒரு கோடு மேகம். எங்கள் வயலிலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை தெரிகிற மாதிரியே இருந்தது. கோடையில் மலையில் காட்டுக்குத் தீ வைப்பார்கள். அந்தப் புகையும் மேகமும் ஒரே நிறம்தான். ஆனால் மேகம் படுத்துக்கொண்டு போகும், புகை காலூன்றி நிற்கும். மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியும்.

அந்த நீலக் கோட்டில் ஒரு இடம் மட்டும் காலூன்றி நின்றது.

"புகை!" என்றேன். பக்கத்தில் இருந்த சிக்னல்காரர் பார்த்துவிட்டு, "மேகம் சார்" என்றார். கேப்டனும் வாங்கிப் பார்த்தார். "மேகம் மாதிரிதான் இருக்கு."

"புகை சார். நிச்சயமா."

"எப்படிச் சொல்றே?"

பயிற்சி என்று சொல்லலாம். அந்த இடத்தையே மறுபடி கையால் காட்டினேன். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. திருப்பு அந்தப் பக்கம்."

புகைதான். புகையக்கூடாது என்று நான் உத்தரவு போட்ட அதே அண்டா.

4. இரண்டு கப்பல்களுக்கு நடுவே

பக்கத்தில் போய், குரல் எட்டும் தூரத்தில் ஓட்டினோம். லவுட்ஹெய்லர் என்கிற ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்து, "என்ன ஆச்சுன்னு கேளு" என்றார் கேப்டன். அந்தப் பக்கம் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு காதர் நின்றார்.

"இன்ஜின் நின்னுபோச்சு சார்! ரெண்டு மணி நேரம் ஆச்சு ரிப்பேருக்கு! இப்ப ஓடுது! நீங்க பாட்டுக்குப் போய்க்கினே இருக்கீங்க, திரும்பிப் பாக்க ஒரு ஆளு இல்ல!"

"எத்தனை நாட் வேகம் போகும்?"

"ஏழு நாட்டு! அதுக்கு மேல கேட்டா அதுவே கேள்வி கேக்கும்! நோஞ்சான் மாட்டைக் கொண்டாந்து கடைசில கட்டி வச்சா நிக்காம இன்னா செய்யும்? எங்க ஊரு வண்டிக்காரன் கூட இப்படி வரிசை போடமாட்டான் சார்!"

"எந்த ஊரு நீங்க?"

"கள்ளக்குறிச்சி! உங்களுக்கு எங்க தெரியப் போவுது? மெட்ராஸ்காரங்க!"

கையில் லவுட்ஹெய்லர். பின்னால் கேப்டன். மேல்தட்டில் எங்கள் ஆட்கள் ஐம்பது பேர், எதிரே அவர்கள் ஆட்கள் ஒரு வரிசை. ஷெட்டில் சொன்ன பொய்யை வெளியே எடுக்க இதைவிட மோசமான இடம் எனக்கு வாய்த்திருக்க முடியாது.

"கச்சிராயபாளையம்" என்றேன்.

"இன்னா? கேக்கல!"

"நான் கச்சிராயபாளையம்!"

வங்கக் கடல் முழுவதும் கேட்டிருக்கும். நீர்மூழ்கி இருந்திருந்தால் அதுவும் குறித்துக்கொண்டிருக்கும்.

காதர் குழாயை இறக்கினார். பிறகு மெல்ல ஏற்றினார். "யோவ், கச்சிராயபாளையத்தில பொறந்துட்டா இந்த வரிசைய போட்ட? வெல்ல வண்டி பாத்ததே இல்லியா நீ?"

சார் போய்விட்டது. நீங்களும் போய்விட்டது. எனக்கு ஏனோ உடம்பு லேசானது.

"பாத்திருக்கேன் பாய். எங்க வண்டிதான் மொத வண்டி."

அப்புறம் குழாய் இல்லாமலே அவர் சிரிப்பது கேட்டது. முதல் வண்டி என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா?

"என்ன சொல்றான்?" என்றார் கேப்டன்.

"இன்ஜின் சரியாயிருச்சு, ஏழு நாட் வரும்கிறார் சார்."

"இவ்வளவு நேரமும் அதையா பேசினீங்க? கச்சி... அது என்ன, ரகசியக் குறியீடா?"

"இல்ல சார், என் ஊர்." பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். "அந்தக் கப்பலை முன்னால வைக்கணும் சார். அது போற வேகத்துல எல்லாரும் போகட்டும். அது நின்னா எல்லார் கண்ணுலயும் படும். வேகமானவன் பின்னால இருந்தா மெதுவாப் போக அவனால முடியும். மெதுவானவன் பின்னால இருந்தா வேகமாப் போக அவனால முடியாது."

"எந்தப் புத்தகத்துல இருக்கு இது?"

"எங்க ஊர் மாட்டு வண்டில சார். எங்கப்பா வண்டிக்காரர்."

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "இதை மெட்ராஸ்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

மதியத்துக்குள் மற்ற மூன்றையும் பிடித்தோம். கிழட்டுக் கப்பல் முன்னால் போயிற்று. வெள்ளை பெயிண்ட் அடித்த வேகமான கப்பல் கடைசிக்குப் போயிற்று. அதன் கேப்டன் கொடிகளால் கோபத்தைக் காட்டினார், விளக்கால் காட்டினார். போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தபோது அண்டாவின் புகை படிந்து அவருடைய வெள்ளைக் கப்பல் சாம்பல் நிறமாகியிருந்தது. ஆனால் நாலு கப்பல்களும் போய்ச் சேர்ந்தன.

5. மரியாதை

துறைமுகத்தில் காதர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் எனாமல் குவளையில் டீ. கள்ளக்குறிச்சியில் அவர் அண்ணன் ஜவுளிக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார்.

"ஊருக்குப் போனா கடையில எட்டிப் பாரு தம்பி. நான் நல்லா இருக்கேன்னு சொல்லு. காணாமப் போனத சொல்லிடாத."

"சொல்லமாட்டேன் பாய்."

பின்னால் அவருடைய ஆட்கள் மூட்டை இறக்கிக்கொண்டே மற்றக் கப்பல்காரர்களிடம் சத்தமாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். காதர் குரலைத் தணித்தார்.

"நம்ம கப்பலு மொதல்ல வந்துச்சு, பெரிய மரியாதைன்னு நெனச்சிக்கினு இருக்கானுங்க. எதுக்குன்னு நான் சொல்லல. நீயும் சொல்லிடாத. இருந்துட்டுப் போவட்டும்."

அதற்கப்புறம் இருபது வருஷம் கடற்படையில் இருந்தேன். இளம் அதிகாரிகளுக்குக் கான்வாய் பாடமும் எடுத்தேன். மெதுவான கப்பலை முன்னால் வை என்று படம் போட்டுக் காட்டினேன். அதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஏன் முன்னால் வைக்கிறாய் என்பதை அந்தக் கப்பல்காரனிடம் சொல்லாதே என்றும் சொன்னேன். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இதைப் படிக்கிறவர்களாவது எழுதிக்கொள்ளுங்கள்.

போர் முடிந்து லீவில் ஊருக்கு வந்தபோது ஜவுளிக்கடைக்குப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், சொல்லக்கூடாததை விட்டேன். பிறகு டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அப்பா கொட்டிலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் நோஞ்சான் ஜோடிதான். நல்ல மாடு வாங்க அவருக்குக் கடைசி வரை கூடிவரவில்லை.

"அப்பா, அந்தக் காலத்துல வெல்ல வண்டி போகும்போது நம்ம வண்டிய ஏன் முதல்ல விட்டாங்க?"

அப்பா நிமிரவே இல்லை. மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"ஏன்னு இன்னா கேள்வி இது? மரியாதைக்கித்தான்."